மயக்குவது இலை, வாங்க வேண்டியது கணு: அரிய செடி வாங்கத் தொடங்குவோருக்கு

அரிய செடி வாங்கக் கிளம்புமுன் வேறொரு பொருள் வாங்கியாக வேண்டும்: ஒரு நாளின் மிகக் கூடிய, மிகக் குறைந்த அளவுகளைத் தானே பதிந்துவைக்கும் வெப்பமானி. ஈரப்பதமும் காட்டினால் இன்னும் நல்லது. செடி நிற்கப்போகும் இடத்தில் அதைக் குறைந்தது இரண்டு வாரம் வைத்து, தினமும் மூன்று எண்களைக் குறியுங்கள்: பகலின் உச்ச வெப்பம், இரவின் தாழ்ந்த வெப்பம், நண்பகல் ஈரப்பதம். ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதத்திலும் மிகச் சூடான மாதத்திலும் இதைச் செய்தவர்களுக்கு, செடி வாங்கும் வேலையில் பாதி முடிந்துவிட்டது.

குளிர் தாங்கும் மண்டலம் என்று செடி அட்டையில் போட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. அந்த மண்டலங்கள், ஓர் ஆண்டில் வெப்பம் எவ்வளவு தாழ்ந்து போகும் என்பதன் சராசரியை வைத்து வகுக்கப்பட்டவை. கோடையின் சூடு, இரவின் புழுக்கம், காற்றின் வறட்சி எதுவும் அதில் அடங்காது. குளிருக்குப் பயந்து பயந்து வாங்குகிறவர்கள் சூட்டில் செடியை இழப்பது இதனால்தான். பூச்சி பிடிக்கும் குடுவைச் செடியான நெப்பந்தஸில், மலை உச்சிக் காடுகளில் வளரும் வகைகளுக்கு இரவில் 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரை இறங்க வேண்டும். இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே போகாத வீட்டில் அவை ஒவ்வோர் இலையாகச் சிறுத்து, ஆறேழு மாதத்தில் முடிந்துவிடும். மறுபக்கம், சிவப்புத் தண்டுப் பனை என்று பெயர்பெற்ற சிர்டோஸ்டாக்கிஸ் ரெண்டா 15 டிகிரிக்குக் கீழே தொடர்ந்து நின்றாலே வாடத் தொடங்கும்.

வெளிச்சத்துக்குத் தனிக் கருவி வேண்டியதில்லை. நண்பகலில் ஒரு வெள்ளைத் தாளை அந்த இடத்தில் வைத்து, கையை 30 செ.மீ. மேலே பிடியுங்கள். நிழலின் ஓரம் கூர்மையாகத் தெரிந்தால் வெளிச்சம் அதிகம். ஓரம் மங்கி, கை என்று மட்டும் தெரிந்தால் நடுத்தரம். ஆந்தூரியம், பிலோடென்ட்ரான், அலோகேசியா என இலையழகுக்காக வளர்க்கும் செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவும் இதைவிடச் சற்றுக் கூடுதலும் ஏற்றது. நிழலே விழவில்லையென்றால், எந்த அரிய செடியையும் அங்கே வைக்க வளர்ப்பு விளக்கு தேவைப்படும்.

எந்த வடிவில் வாங்குவது

ஒரே செடி விதையாக, கிழங்காக, சோதனைப் புட்டியில் வளர்ந்த கன்றாக, வேரில்லாத தண்டுத் துண்டாக, வேர்விட்ட தண்டாக, முழுச் செடியாக என ஆறு வடிவில் விற்கும். முதன்முதலாக வாங்குகிறவர்களுக்குத் தகுந்தது வேர்விட்டு, வாங்கும் இடத்திலேயே குறைந்தது இரண்டு புது இலை விட்ட இளஞ்செடி. முழு வளர்ச்சியடைந்த பெரிய செடி இடம் மாறும்போது இலைகளைக் கொட்டும். வேரில்லாத துண்டு பாதி வழியில் அழுகும். இளஞ்செடிதான் புது இடத்துக்குச் சீக்கிரம் பழகும், பார்க்கச் சுமாராக இருந்தாலும்.

ஆனால் ஆசை பெரும்பாலும் தண்டுத் துண்டின் மேல்தான் விழுகிறது, முக்கியமாக வெள்ளையும் பச்சையும் கலந்த வேரிகேட்டட் வகைகளில். எனவே இதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

துண்டில் முதலில் தேட வேண்டியது கணு. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் வளையம்போல் ஒரு தழும்பும், அதன் மேல் சிறு மேடாக உறங்கும் மொட்டும் இருக்கும். காற்றுவேர் கிளம்புவதும் அங்கேதான். மான்ஸ்டெரா என்ற பெரிய இலைக் கொடியில் கணு இல்லாத இலையைத் தண்ணீரில் போட்டால் மாதக்கணக்கில் பசுமையாக நிற்கும், சில சமயம் வேர்கூட விடும்; புது இலை மட்டும் ஒருநாளும் வராது. இதய வடிவ ஒற்றை இலையாகச் சின்னத் தொட்டியில் விற்கும் ஹோயா கெர்ரி இதற்கு நல்ல உதாரணம். கணுவோ தண்டோ சேராமல் இலை மட்டும் நட்டிருந்தால் அது ஆண்டுக்கணக்கில் அதே ஒற்றை இதயமாகவே நிற்கும், கொடியாகாது. பரிசாகக் கொடுக்கப் பரவாயில்லை. கொடி வேண்டுமென்றால் அதை வாங்காதீர்கள்.

கணு இருக்கிறது என்றால் அடுத்தது மொட்டின் நிறம். மான்ஸ்டெரா டெலிசியோசாவின் ஆல்போ வகையில், பச்சையம் உள்ள திசுவும் இல்லாத திசுவும் ஒரே உடம்பில் கலந்து வளர்கின்றன. இதை விதையிலிருந்து எடுக்க முடியாது, தண்டு வெட்டித்தான் பெருக்க முடியும். அடுத்து வரும் இலை எப்படி இருக்கும் என்பதை இப்போதைய இலை சொல்லாது. மொட்டு உட்கார்ந்திருக்கும் இடத்தின் தண்டுதான் சொல்லும். அந்த இடத்தில் வெள்ளையும் பச்சையும் மெல்லிய கோடுகளாக ஓடினால் வாங்கலாம். தண்டு முழுக்கப் பச்சை என்றால் புது இலைகள் வெறும் பச்சையாக வர வாய்ப்பு அதிகம். முழு வெள்ளையோ இன்னும் மோசம்: பச்சையம் இல்லாத துண்டு தனக்கு உணவு செய்துகொள்ள முடியாது, தண்டில் சேமித்தது தீர்ந்ததும் இறக்கும். படத்தில் மிக அழகாகத் தெரியும் பால்வெள்ளை இலைத் துண்டு, வாங்குவதற்கு மிக மோசமான துண்டு. விற்பவரிடம் இலையின் படத்தைக் கேட்காதீர்கள், கணுவின் இரண்டு பக்கப் படத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

இந்தச் சீட்டாட்டம் வேண்டாம் என்பவர்களுக்குத் தாய் கான்ஸ்டலேஷன் வகை மான்ஸ்டெரா இருக்கிறது. ஆய்வகத் திசு வளர்ப்பில் உருவானது. வெண்ணெய் நிறப் புள்ளிகள் இலை முழுவதும் தெளித்தாற்போல் நிலையாக வரும். ஆல்போவின் வெண்மை இதில் கிடைக்காது, ஆனால் திடீரென்று பச்சைக்குத் திரும்பிவிடுமோ என்ற கவலையும் மிகக் குறைவு. பாம்புச் செடி எனப்படும் சான்சிவேரியா வாங்குவோருக்கும் ஒரு குறிப்பு: மஞ்சள் ஓரம் கொண்ட லாரன்டி வகையின் இலைத் துண்டை நட்டால் வருவது வெறும் பச்சைச் செடி. மஞ்சள் ஓரம் வேண்டுமானால் பக்கக்கன்று பிரித்துத்தான் வாங்க வேண்டும்.

கிழங்குகள் வேறு கதை. உறங்கும் கிழங்கு வெற்றுக் கட்டியாகத்தான் தெரியும், அதுவே நல்லது: கையால் அழுத்தினால் கல்போல் இருக்க வேண்டும், மோந்தால் மண் வாசனை மட்டும் வர வேண்டும். மெத்தென்ற ஓர் இடம் இருந்தாலும் தள்ளிவையுங்கள். சேனைக்கிழங்கின் உறவான அமார்போபாலஸ் கொஞ்சாக் போன்றவற்றில் வேர்கள் கிழங்கின் அடியிலிருந்து வருவதில்லை, மேலே முளையைச் சுற்றிக் கிளம்புகின்றன. அதனால் மேலே 10 முதல் 15 செ.மீ. மண் மூடும்படி ஆழமாக நட வேண்டும். மேலோட்டமாக நட்டால் வேரோடுவதற்கு மண்ணே இருக்காது. அலோகேசியாவின் குட்டிக் கிழங்குகளை ஈரப் பாசியில் கூர்முனை மேலாக வைத்து, மூடிய பெட்டியில் 24 முதல் 28 டிகிரியில் வையுங்கள். சில இரண்டு வாரத்தில் முளைக்கும், சில இரண்டு மாதம் படுத்தும். தோண்டித் தோண்டிப் பார்ப்பதுதான் பல கிழங்குகள் கெடக் காரணம்.

ஏமாறும் இடங்கள்

நீல ரோஜா விதை, வானவில் நிற இலை விதை, கறுப்பு ஸ்ட்ராபெரி விதை எல்லாம் படத்தில் நிறம் மாற்றியவை. அப்படிப்பட்ட செடிகள் கிடையாது. வேரிகேட்டட் மான்ஸ்டெரா ‘விதை’யும் இதே வகை. உண்மையான வெப்பமண்டல மரவிதைகளில்கூடப் பல, காய்ந்தால் செத்துவிடுபவை. காகித உறையில் காய்ந்து வரும் ஜேட் கொடி விதை முளைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அது புதிதாக இருக்கும்போதே நட வேண்டியது.

பிங்க் காங்கோ என்ற பிலோடென்ட்ரான் இன்னொரு பொறி. இலைகள் இளஞ்சிவப்பாகக் கண்ணைப் பறிக்கும். ஆனால் அது மருந்து கொடுத்து வரவழைத்த நிறம். ஆறு மாதம், ஓராண்டுக்குள் புது இலைகள் எல்லாம் பச்சையாக வரத் தொடங்கும். செடி சாகாது, நீங்கள் எதற்காக வாங்கினீர்களோ அது போய்விடும். பிங்க் பிரின்சஸ் என்பது வேறு. அதில் நிறம் செடியின் சொந்தம். பெயர்கள் நெருக்கமாக இருப்பதால் அட்டையைப் படிக்காமல் வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறைய.

பாலைவன ரோஜா எனப்படும் அடீனியத்தில் பார்க்க வேண்டியது அடிப்பருமன். விதையிலிருந்து வந்த செடிக்குத்தான் குண்டான அடித்தண்டு இயல்பாக உருவாகும். தண்டு வெட்டி நட்டதில் அவ்வளவு எளிதில் வராது. ஒட்டுச்செடி என்றால் தவறில்லை, அரிய பூ நிறங்கள் அப்படித்தான் கிடைக்கும். ஆனால் ஒட்டு போட்ட இடத்துக்குக் கீழே வரும் கிளைகளை உடனே கிள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடிச்செடி மேல்செடியை முந்திவிடும்.

காட்டிலிருந்து பிடுங்கி வந்த செடிகளும் சந்தைக்கு வருகின்றன. வேர்கள் தொட்டியின் வடிவத்தில் சுற்றாமல் முரட்டுத்தனமாக வெட்டுப்பட்டிருப்பது, பழைய இலைகளில் பூச்சி தின்ற ஓட்டைகளும் பாசிப் படலமும், ஒரே விற்பவரிடம் ஒன்றுக்கொன்று ஒவ்வாத அளவில் முதிர்ந்த செடிகள் என்பன அடையாளங்கள். வியட்நாமில் கண்டறிந்து 1999இல் பெயரிட்ட பாபியோபெடிலம் வியட்நாமென்ஸ் என்ற ஆர்கிட், சேகரிப்போரின் ஆசையால் சில ஆண்டுகளிலேயே காட்டிலிருந்து கிட்டத்தட்ட துடைத்தெடுக்கப்பட்டது. இது அறம் சார்ந்த விஷயம் மட்டுமல்ல: காட்டுச் செடி தொட்டிக்குப் பழகாமல் சாவதே வழக்கம்.

நாட்டெல்லை தாண்டி வரவழைத்தால் காகிதம் முக்கியம். ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவரப் பாதுகாப்புத் துறை தரும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். உங்கள் நாட்டின் இறக்குமதி அனுமதியும் பெரும்பாலும் தேவைப்படும். அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975இல் நடைமுறைக்கு வந்த சைட்டீஸ் ஒப்பந்தத்தில் ஆர்கிட் குடும்பம் முழுவதும், எல்லா நெப்பந்தஸும், பனைபோல் தோன்றும் எல்லாச் சைக்காடுகளும் வருகின்றன. பாபியோபெடிலம் ஆர்கிட், நெப்பந்தஸ் ராஜா, என்செபலார்ட்டோஸ் என்ற சைக்காடு போன்றவை மிகக் கடுமையான முதல் பட்டியலில் உள்ளன. மண்ணோடு செடியைப் பெரும்பாலான நாடுகள் உள்ளே விடுவதில்லை என்பதால் வேரைக் கழுவி, ஈரப் பாசி சுற்றி அனுப்புவார்கள். காகிதம் இல்லாமல் ‘பரிசுப் பொருள்’ என்று எழுதி அனுப்புகிறேன் என்பவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பறிமுதலானால் செடியும் போகும், பணமும் போகும்.

கையில் எடுத்ததும் பார்க்கும் வரிசை

நேரில் வாங்கும்போது இலையின் அழகை ஒரு நிமிடம் மறந்து கீழிருந்து மேலாகப் பாருங்கள். தொட்டியின் அடித்துளையில் வெள்ளையோ இளமஞ்சளோ ஆன உறுதியான வேர்நுனி தெரிந்தால் நல்லது. பழுப்பாகி, தொட்டதும் தோல் உரிந்து நார்மட்டும் நின்றால் அழுகல். விற்பவர் அனுமதித்தால் தொட்டியிலிருந்து சற்றே உருவிப் பாருங்கள். மண்ணிலிருந்து புளித்த வாடை வந்தால் வைத்துவிடுங்கள். அடித்தண்டை இரு விரலால் மெல்ல ஆட்டினால் செடி மண்ணோடு சேர்ந்து அசைய வேண்டும். தண்டு மட்டும் ஆடினால் வேர் இன்னும் பிடிக்கவில்லை.

அடுத்து இலைக்கக்கங்களும் இலையின் அடிப்பக்கமும். பஞ்சு போன்ற வெள்ளைத் திட்டு மாவுப்பூச்சி. நகத்தால் சுரண்டினால் பெயரும் பழுப்பு மேடு செதில்பூச்சி. மெல்லிய வலையும் இலையில் ஊசி குத்தினாற்போன்ற வெளிர்ப் புள்ளிகளும் சிலந்திப்பேன். அலோகேசியாவை இது விடவே விடாது. வெள்ளி பூசியதுபோல் தடமும் அதில் கறுப்புப் பொட்டுகளும் இருந்தால் இலைப்பேன். இதுதான் ஒழிக்க மிகக் கடினமானது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்தச் செடி வேண்டாம்.

பனை வகைகளில் நடுக்குருத்தை மட்டும் தனியாகச் சோதியுங்கள். இன்னும் விரியாத குருத்தை மெதுவாக மேல்நோக்கி இழுத்தால் அசையக் கூடாது. கையோடு வந்துவிட்டால் உள்ளே அழுகிவிட்டது. ஒற்றைத் தண்டுப் பனைக்கு வளரும் முனை அது ஒன்றுதான். போனால் பக்கக்கிளை வராது.

நெப்பந்தஸில் குடுவைகள் காய்ந்திருப்பதைப் பார்த்து ஒதுக்க வேண்டாம். பயணத்தில் குடுவை காய்வது சகஜம். நடுவில் புது இலை திடமாக வந்துகொண்டிருந்தால் போதும்.

முதல் 30 நாள்

மோகம் முப்பது நாள் என்பார்கள். புதுச் செடிக்கும் அந்த முப்பது நாளைத் தனிமையில் கழிக்கக் கொடுங்கள், மற்றச் செடிகளிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளி, முடிந்தால் வேறு அறையில்.

1. பெட்டியில் வந்திருந்தால் உடனே பிரியுங்கள். ஈரத் தாள்களை நீக்கி, அழுகிய இலைகளை வெட்டி, மங்கிய வெளிச்சத்தில் ஒரு நாள் வையுங்கள். வாடியிருக்கிறதே என்று உரமோ வெயிலோ கொடுக்காதீர்கள்.

2. அடுத்த நாள் இலைகளின் இரு பக்கத்தையும் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பிறகு 1 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 5 மில்லி வேப்ப எண்ணெயும் 1 அல்லது 2 மில்லி மிதமான திரவச் சோப்பும் கலந்து, முதலில் ஒரே ஓர் இலையில் தெளித்து 24 மணி நேரம் பாருங்கள். கருகாவிட்டால் மாலையில் முழுச் செடிக்கும் தெளிக்கலாம். வெயில் படும்போது தெளித்தால் இலை வெந்துவிடும். வெல்வெட் இலைகளுக்கு எண்ணெய் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அவற்றுக்குத் தண்ணீர்க் கழுவலே முதல் மருந்து.

3. ஐந்தாறு நாள் இடைவெளியில் மொத்தம் மூன்று முறை இதைச் செய்யுங்கள். மருந்து எல்லா முட்டைகளையும் கொல்லாது. சூட்டில் சிலந்திப்பேன் முட்டை சில நாளிலேயே பொரிந்துவிடும். ஒருமுறை தெளித்து விட்டுவிடுகிறவர்களுக்குப் பத்தாம் நாள் பழையபடி வலை தெரிவது இதனால்தான்.

4. தொட்டி மாற்ற அவசரம் வேண்டாம், மூன்று நிலைகளில் தவிர: மண் சேறாக இருக்கிறது, வேரில் மாவுப்பூச்சி இருக்கிறது, அல்லது வேரின் நடுவே சிறு வலைக்கூடோ கடற்பஞ்சுக் கட்டியோ சிக்கியிருக்கிறது. கடைசியாகச் சொன்னது ஆய்வகக் கன்றுகளில் அடிக்கடி இருக்கும். வெளிமண் காய்ந்த பிறகும் அந்தக் கட்டி தண்ணீரைப் பிடித்துவைத்துத் தண்டின் அடியை அழுகவைக்கும். கத்தரிக்கோலால் வெட்டித் திறந்து, வேர் அறாமல் எடுத்துவிடுங்கள்.

5. உரம், புது இலை ஒன்று முழுதாக விரிந்த பின்தான். அதுவும் அட்டையில் சொன்ன அளவில் கால் பங்கு. நெப்பந்தஸின் மண்ணில் உரமே போட வேண்டாம்.

அடி இலை ஒன்றிரண்டு மஞ்சளாவதைப் பார்த்துப் பதறாதீர்கள். புது இலைக்காகச் செடி பழையதை விட்டுக்கொடுக்கிறது. புது இலையே கறுத்தால்தான் தொட்டியை உருவி வேரைப் பார்க்க வேண்டும்.

புட்டியோடு திசு வளர்ப்புக் கன்று வாங்கினால் நடைமுறை வேறு. வேரில் ஒட்டிய கூழில் சர்க்கரை இருக்கிறது; துளி மீந்தாலும் பூஞ்சை பிடிக்கும். வெதுவெதுப்பான நீரில் முழுவதும் கழுவி, ஈரமான மெல்லிய ஸ்பாக்னம் பாசியில் நட்டு, மூடியுள்ள தெளிந்த பெட்டியில் வையுங்கள். புட்டிக்குள் வந்த இலைகளுக்கு மெழுகுப் பூச்சு மிக மெல்லியது, இலைத்துளைகளும் சரியாக மூடாது. திறந்த காற்றில் ஒரு மணி நேரத்தில் துவண்டுவிடும். முதல் பத்து நாள் மூடியே வைத்து, பிறகு தினமும் 10 நிமிடம், அப்புறம் அரை மணி, சில மணி நேரம் என்று நீட்டி, நான்காம் வாரக் கடைசியில் மூடியை எடுத்துவிடலாம்.

கலவையும் தண்ணீரும்

ஆந்தூரியம், மான்ஸ்டெரா, ஏறு பிலோடென்ட்ரான்களுக்கு: மரப்பட்டைத் துண்டு 2 பங்கு, கழுவிய தேங்காய்நார்த் தூள் 1 பங்கு, பெர்லைட் என்ற எடை குறைந்த வெள்ளைக் கல்துகள் 1 பங்கு, கரித்துண்டு அரைப் பங்கு. நார்த்தூளில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று முறை கழுவிப் பிழிந்தே சேருங்கள். கழுவாத தூள்தான் இலை ஓரம் கருகப் பல சமயம் காரணம், பழி தண்ணீரின் மேல் விழும். தொட்டி வேர்ப்பந்தைவிட 2 முதல் 3 செ.மீ. மட்டுமே அகலமாக இருக்கட்டும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து அழுகலைத் தொடங்கிவைக்கும்.

விரலை 3 செ.மீ. விட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் அடித்துளையில் வழியும் வரை ஊற்றுங்கள், தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். நெப்பந்தஸுக்கு மழைநீர் அல்லது கரைந்த உப்பு 50 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 50 பங்கு) குறைந்த நீர். குழாய்நீர் ஊற்றினால் சில மாதத்தில் வேர் கருகும்.

எதில் தொடங்கலாம்

நெப்பந்தஸில் வென்ட்ராட்டா என்ற கலப்பினம். குளிரையும் சூட்டையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ராஜா, ஹமாட்டா எல்லாம் பிறகு. ஆந்தூரியத்தில் கிளாரிநெர்வியம்: மெக்சிகோவின் சுண்ணாம்புப் பாறைகளில் வளர்வது, தடித்த இலை, 60 சதவீத ஈரப்பதத்திலும் சமாளிக்கும். நீண்டு தொங்கும் வரோக்வியானம் எல்லோரையும் மயக்கும், ஆனால் 75 சதவீதத்துக்குக் குறைந்தால் புது இலை விரியும்போதே கிழியும். கண்ணாடிப் பெட்டி இல்லாதவர்கள் அதைத் தொட வேண்டாம். பிலோடென்ட்ரான் குளோரியோசம் ஏறும் கொடி அல்ல, தரையில் ஊர்வது. நீளத் தொட்டியில் தண்டின் மேல்பாதி வெளியே தெரியும்படி வையுங்கள். கம்பத்தில் கட்டினாலோ தண்டைப் புதைத்தாலோ கெட்டுவிடும். கறுப்பு வௌவால் போலப் பூக்கும் டாக்கா சான்ட்ரியேரியை விதையாக வாங்காதீர்கள், மாதக்கணக்கில் காக்க வேண்டும். வேர்த்தண்டோடு வாங்கி நிழலில், ஈரமும் காற்றோட்டமும் உள்ள கலவையில் வையுங்கள். ஜேட் கொடியின் நீலப்பச்சைப் பூங்கொத்து ஒரு மீட்டருக்கும் மேல் தொங்கும். பந்தல் போடாமல் அதை வாங்குவது வீண், கொடியின் எடையே மெல்லிய கம்பிகளைச் சாய்த்துவிடும்.

வெளியில் உறைபனி விழும் இடத்திலும் வெப்பமண்டலத் தோற்றம் வேண்டுமானால் டிராக்கிகார்ப்பஸ் பார்ச்சூனை என்ற பனை, மூசா பாஸ்ஜூ என்ற வாழை, டிக்சோனியா அண்டார்டிகா என்ற மரப்பெரணி ஆகியவை போதும். மரப்பெரணியைத் தண்டின் உயரத்துக்குத்தான் விலை வைப்பார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 2.5 செ.மீ. மட்டும் வளர்வதே காரணம். அதற்குத் தண்ணீரை மண்ணில் மட்டுமல்ல, தண்டின் மேலும் ஊற்ற வேண்டும், ஏனெனில் தண்டை மூடியிருக்கும் நார்போன்றவை வேர்களே.

இவற்றில் ஆந்தூரியம், மான்ஸ்டெரா, பிலோடென்ட்ரான், அலோகேசியா, அமார்போபாலஸ் ஆகிய அரேசியே (சேம்பு) குடும்பத்துச் செடிகள் எல்லாமே கடித்தால் வாயையும் தொண்டையையும் அரிக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் கொண்டவை. அடீனியத்தின் பால் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. வெட்டும்போது கையுறை போட்டு, குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

கடைசியாகப் பெயர்ச்சீட்டு. முழுப் பெயர், வாங்கிய தேதி, எந்த வடிவில் வாங்கியது என்று பென்சிலால் எழுதி ஒன்றைத் தொட்டிக்குள் புதைத்தும் ஒன்றை மேலே தெரியும்படியும் செருகுங்கள். மைப்பேனா எழுத்து வெயிலில் ஓராண்டுக்குள் மறைந்துவிடும், பென்சில் மறையாது.